அறிவு உள்ளே இருக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா? கல்வியின் நோக்கத்தை இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது?

#1 சாளரம்

கல்வி எதற்கு என்று பேசத் தொடங்கினால் வேலை, ஒழுக்கம், குடிமைப் பொறுப்பு என்றே பேச்சு சுற்றி வருகிறது. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது: கற்க வருபவர் எதைக் கூடவே கொண்டுவருகிறார்? அறிவு ஏற்கெனவே உள்ளே இருந்தால் அதை வெளிக்கொணர்வது கல்வி. இல்லையென்றால் உள்ளே சேர்ப்பது கல்வி. இந்த இரண்டில் எதை நம்புகிறோமோ அதற்கேற்பத்தான் நோக்கமும் அமையும் என்பது என் எண்ணம்.

உள்ளே இருக்கிறது என்பதற்குப் பழைய சான்று கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோவின் 'மெனோ', சாக்ரடீஸும் மெனோ என்பவரும் பேசும் உரையாடல் நூல். வடிவியல் படித்திராத ஓர் அடிமைச் சிறுவனைச் சாக்ரடீஸ் அழைக்கிறார். 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தை வரைகிறார். பரப்பு 4. இதைப்போல் இருமடங்கு, அதாவது 8 பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். சிறுவன் 4 என்கிறான். வரைந்து பார்த்தால் பரப்பு 16. அடுத்து 3 என்கிறான். பரப்பு 9. 'எனக்குத் தெரியவில்லை' என்று நிற்கிறான். பிறகு மூலைவிட்டத்தின் மேல் எழும் சதுரமே விடை என்று கண்டுகொள்கிறான். நான் எதையும் கற்பிக்கவில்லை, கேள்விதான் கேட்டேன், அவன் நினைவுகூர்ந்தான் என்கிறார் சாக்ரடீஸ்.

எதிர்முனையில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இருக்கிறார். 1689இன் இறுதியில் வெளிவந்த மனித அறிவு பற்றிய கட்டுரையில், மனத்தை எழுத்தே இல்லாத வெள்ளைத்தாள் என்று வைத்துக்கொள்வோம், அதில் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, 'அனுபவம்' என்று ஒரே சொல்லில் விடை தருகிறார்.

நான் பிளேட்டோவின் பக்கம் சாய்கிறேன். மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

#2 மூலைவிட்டம்

சாளரம், அந்தக் காட்சியில் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று வரிவரியாகப் பிரித்துப் பார்ப்போம்.

சிறுவன் கொண்டுவந்தவை: கிரேக்க மொழி (பேசத் தெரியுமா என்பதைத்தான் சாக்ரடீஸ் முதலில் கேட்டு உறுதி செய்கிறார்), இரண்டு இரண்டு நான்கு என்ற கணக்கு, 2-க்கும் 4-க்கும் நடுவில் 3 இருக்கிறது என்ற ஊகம், 16-ம் 9-ம் 8 ஆகாது என்று ஒத்துக்கொள்ளும் நேர்மை, ஒரு சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் பாதி என்ற பார்வை.

சாக்ரடீஸ் கொண்டுவந்தவை: மூலைவிட்டக் கோடு, அதற்குரிய பெயர், கேள்விகளின் வரிசை. இவற்றைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. இரண்டாவது விடையும் தவறானவுடன், 'எண்ணிச் சொல்ல விருப்பமில்லை என்றால் எந்தக் கோடு என்று காட்டு' என்கிறார். விடை 8-இன் வர்க்கமூலம். முழு எண்ணாகவோ பின்னமாகவோ அதைச் சொல்லவே முடியாது. சிறுவன் எண்களிலேயே தேடிக்கொண்டிருந்தால் நாள் முழுக்க நின்றாலும் கிடைத்திருக்காது. எண்ணிலிருந்து கோட்டுக்கு மாறு என்று திசை திருப்பியவர் சாக்ரடீஸ். அது கேள்வி வடிவில் வந்த கற்பித்தல்.

ஒரு சோதனை சொல்கிறேன். சிறுவனின் பதில்களை மூடிவிட்டு சாக்ரடீஸின் கேள்விகளை மட்டும் படியுங்கள். கடைசிப் பகுதியில் நிரூபணம் அப்படியே முழுமையாக நிற்கிறது. 'ஆம்', 'நான்கு', 'இரண்டு' என்பவற்றை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது. முதல் பகுதியில் அப்படி மூடவே முடியாது. 4 என்ற விடையும் 3 என்ற விடையும் இல்லாவிட்டால் அடுத்த கேள்வி பிறந்திருக்காது. சிறுவன் உண்மையில் சிந்தித்தது தவறு செய்த இடத்தில்தான்.

ஆகவே பிறவியிலேயே இருந்தது தேற்றமல்ல. இரண்டு கூற்றுகள் மோதுகின்றன என்று உணரும் திறன்தான்.

#3 எழுத்தாணி

லாக்கின் பெயரால் பலர் சொல்வதை லாக் சொல்லவில்லை. அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

அவர் மறுத்தது மனத்தில் முன்பே பொறிக்கப்பட்ட கொள்கைகளை. 'இருப்பது இருக்கிறது', 'ஒரே பொருள் இருப்பதும் இல்லாததுமாக ஒருசேர இருக்க முடியாது' போன்றவை பிறவி அறிவு என்று அன்று சொல்லப்பட்டன. எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்களே என்பது சான்றாகக் காட்டப்பட்டது. சின்னக் குழந்தைகளுக்கு இவை தெரியவே தெரியாதே, மனத்தில் பொறித்திருந்தும் மனம் அறியாமல் இருக்குமா என்று லாக் கேட்டார். பகுத்தறிவு வளர்ந்தபின் ஒத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தால், பிற்காலத்தில் கற்ற கணிதத் தேற்றம் அத்தனையும் அந்தக் கணக்கில் பிறவி அறிவாகிவிடும் என்றார். மூலைவிட்டம் சொன்ன திறனை அவர் மறுக்கவில்லை. திறனுக்கு 'அறிவு' என்று பெயர் வைப்பதைத்தான் மறுத்தார்.

வெள்ளைத்தாள் என்றதால் எல்லாக் குழந்தையும் ஒன்றுபோல என்றும் அவர் நினைக்கவில்லை. 1693இல் வந்த கல்வி பற்றிய நூலில், மனிதர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நல்லவராகவோ கெட்டவராகவோ ஆவது கல்வியால்தான் என்கிறார். அதே நூலில், மனங்களில் இறைவன் சில குணங்களைப் பொறித்திருக்கிறான், உடல்வாகைப்போல அவற்றைச் சற்றுத் திருத்தலாம், முற்றாக மாற்றுவது அரிது என்றும் எழுதுகிறார். எழுதப்படாமல் இருப்பது கருத்துகள். இயல்பு அல்ல. கல்வியால் எல்லாம் முடியும் என்ற எல்லைக்கு இதை இழுத்துச் சென்றவர் பிரெஞ்சுத் தத்துவவாதி எல்வேசியஸ். பழி லாக்கின் தலையில் விழுந்தது.

நோக்கம் பற்றிக் கேட்டால் அவர் தரும் வரிசை இது: நற்பண்பு, நடைமுறை விவேகம், நல்ல பழக்கவழக்கம், கடைசியில் படிப்பு. உள்ளே எதுவும் எழுதப்படவில்லை என்று சொன்னவர் தகவல் திணிப்பதைக் கடைசியில் வைத்தார். சாளரத்தின் முதல் பதிவிலுள்ள 'இது என்றால் அது' என்ற கணக்கு இங்கேயே உடைகிறது.

#4 மணற்கேணி

> பிறவியிலேயே இருந்தது தேற்றமல்ல... மோதல் உணரும் திறன்தான்

உள்ளே இருப்பது என்ன என்ற கேள்விக்குக் குறைந்தது மூன்று விடை உண்டு. அவற்றைக் கலந்துவிட்டால் விவாதம் நகராது. முழு உள்ளடக்கமும் இருக்கிறது, மறந்துவிட்டோம் என்பது 'மெனோ'. வெறும் பொதுத் திறன் மட்டும் இருக்கிறது என்பது லாக். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறிப்பிட்ட சாய்வு இருக்கிறது என்பது மூன்றாவது.

பிரெஞ்சுத் தத்துவவாதி தேக்கார்த் 1648இல் இதற்கு நோயை உவமை சொன்னார். சில குடும்பங்களில் கீல்வாதம் பரம்பரையாக வரும். அந்தக் குழந்தைகள் கருப்பையிலேயே வலியால் துடிப்பதில்லை. நோய்க்கான சாய்வோடு பிறக்கிறார்கள். ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் சலவைக்கல்லைச் சொன்னார். கல்லினுள் ஓடும் ரேகைகள் ஹெர்குலிஸின் உருவத்துக்கு இசைவாக இருந்தால் உருவம் ஒருவகையில் உள்ளே இருக்கிறது. ஆனாலும் உளி வேண்டும், உழைப்பு வேண்டும். லாக்குக்கு அத்தியாயம் அத்தியாயமாக அவர் எழுதிய அந்த மறுப்பு நூல், லாக் 1704இல் இறந்துவிட்டதால் வெளிவராமலே கிடந்து 1765இல்தான் அச்சேறியது. அப்போது லைப்னிட்ஸ் மறைந்து 49 ஆண்டுகள்.

லைப்னிட்ஸின் வலுவான வாதம் உவமையில் இல்லை, அவசியத்தைப் பற்றியது. ஒரு வகுப்பறைச் செயலை எடுத்துக்கொள்வோம். ஐம்பது முக்கோணங்களை வரைந்து கோணமானியால் அளக்கச் சொல்கிறோம். 179, 181, 180, 178 என்று வருகிறது. மாணவர் சராசரி எடுத்து 'சுமார் 180' என்கிறார். அளவு கூடக்கூடச் 'சுமார்' சுருங்கும், ஒருபோதும் மறையாது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டு, இரண்டு ஒன்றுவிட்ட கோணங்களைக் காட்டியதும் 'இருந்தே தீரவேண்டும்' என்பது வந்துவிடுகிறது. அந்த 'தீரவேண்டும்' ஐம்பது அளவுகளில் எதிலும் இல்லை. புலன்வழி வந்த எடுத்துக்காட்டுகள் எத்தனை சேர்ந்தாலும் அவசியத்தைத் தராது என்றார் லைப்னிட்ஸ். பின்னால் வந்த ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் 1787இல் இதையே வேறுவிதமாகக் கட்டினார்: அறிவெல்லாம் அனுபவத்தோடு தொடங்குகிறது, அதனால் எல்லாமே அனுபவத்திலிருந்து பிறக்கிறது என்றாகாது.

நம் மொழியிலும் இதே இழுபறி உண்டு. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு' என்ற குறளில் நீர் முன்பே மணலடியில் இருக்கிறது. ஆனால் தோண்டிய அளவுக்குத்தான் ஊறும். 'நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றுந்தன் உண்மை யறிவே மிகும்' என்ற குறளோ எவ்வளவு கற்றாலும் உள்ளதுதான் மேலெழும் என்கிறது. பரிமேலழகர் இரண்டும் முரணல்ல என்று காட்டச் சிரமப்படுகிறார்: பின்னது ஊழ் குறுக்கே நிற்கும் நிலைக்கு மட்டும் என்பது அவர் தீர்வு. அதாவது ஆசிரியர் முன்கூட்டியே 'இவனுக்கு இவ்வளவுதான்' என்று முடிவுகட்ட அந்தக் குறள் இடம் தரவில்லை. தோண்டிப் பார்க்காமல் நீர்மட்டம் தெரியாது.

#5 கேள்விக்குறி

எல்லாம் சரி. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பது எப்படி வரும்? கோபம் பிறவியிலேயே இருக்கிறது. அதை வெளிக்கொணர்வது கல்வியின் நோக்கம் என்று யாரும் சொல்வதில்லையே.

#6 சாளரம்

கேள்விக்குறியின் கேள்வி என் முதல் பதிவை நேராகத் தாக்குகிறது. ஏற்கிறேன். பிளேட்டோவே 'குடியரசு' நூலில் வேறு மொழி பேசுகிறார். குருட்டுக் கண்ணுக்குள் பார்வையை வைப்பதைப்போலக் கல்வியை நினைக்காதீர்கள், பார்வை ஏற்கெனவே இருக்கிறது, தவறான திசையில் திரும்பியிருக்கிறது, ஆன்மா முழுவதையும் திருப்புவதே கல்வி என்கிறார். இங்கே உள்ளடக்கம் முன்பே இருக்கிறது என்ற வாதமே இல்லை, திறன் மட்டும்தான். கூடவே, எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்குத் தனியாக ஒரு விடை வேண்டியிருக்கிறது. அவர் 'நன்மை' என்கிறார். அந்த விடை கண்ணை ஆராய்ந்து கிடைத்ததல்ல.

#7 மணற்கேணி

இந்த இடத்தில் சைவ சித்தாந்தத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன்படும். அங்கும் கண்தான் உவமை. உயிருக்கு அறியும் ஆற்றல் உண்டு, ஆனால் அறிவித்தால்தான் அறியும். கண்ணுக்குப் பார்வை இருந்தும் இருளில் காணாததைப் போல. சிவஞானபோதம் இயற்றிய மெய்கண்டார் ஒருபடி மேலே போகிறார். கண் பார்ப்பதற்கு ஒளி போதாது, உயிரும் கண்ணோடு சேர்ந்து பார்க்க வேண்டும். மனம் வேறெங்கோ இருந்தால் கண் திறந்திருந்தும் பொருள் தெரிவதில்லை. அதனால்தான் 'காட்டும் உபகாரம்', 'காணும் உபகாரம்' என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். சிவஞானபோதத்தின் பதினோராம் நூற்பாவில் வரும் சொல் 'கண்டு காட்டல்'.

அது இறைவனைப் பற்றியது, பள்ளிக்கூடத்தைப் பற்றியதல்ல. இருந்தாலும் அந்தப் பிரிவினை கற்பித்தலுக்கு அப்படியே பொருந்துகிறது. பலகையில் தெளிவாக எழுதிவிட்டால் காட்டியாயிற்று. மாணவர் அந்தக் கணத்தில் எதைப் பார்க்கிறார் என்று கூடவே நின்று பார்ப்பது இன்னொரு வேலை. சாக்ரடீஸ் அந்தச் சிறுவனிடம் இரண்டையும் செய்கிறார். அவன் 4 என்றதும் 'தவறு' என்று சொல்லாமல், அவன் பார்வையில் அது ஏன் 4 ஆகிறது (இருமடங்கு பரப்பு, ஆகவே இருமடங்கு பக்கம்) என்று மெனோவிடம் எடுத்துச் சொல்கிறார். கண்டபின் காட்டுகிறார்.

#8 எழுத்தாணி

தத்துவம் மட்டும் போதாது. எது எந்த அளவுக்கு இயல்பாக வருகிறது என்பதற்குச் சோதனைச் சான்றுகள் இருக்கின்றன. அவை ஒரே பக்கமாகச் சாயவில்லை.

1992இல் உளவியலாளர் கேரன் வின் வெளியிட்ட ஆய்வில் ஐந்து மாதக் குழந்தைகள் முன் ஒரு பொம்மையை வைத்துத் திரையால் மறைத்தார்கள். இன்னொரு பொம்மை திரைக்குப் பின்னால் போவதைக் காட்டினார்கள். திரை இறங்கும்போது ஒரே பொம்மை இருந்தால் குழந்தைகள் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தார்கள். யாரும் சொல்லித்தராத சிற்றெண் உணர்வு இது என்று வின் வாதிட்டார். மொழியியலாளர் சாம்ஸ்கி, மொழியும் பழக்கத்தால் வருவதே என்ற உளவியலாளர் ஸ்கின்னரை 1959இல் விமர்சித்ததிலிருந்து மொழிக்கும் இதே வாதத்தை வைத்தார். குழந்தை கேட்கும் வாக்கியங்கள் கொஞ்சம், அது ஆக்கும் இலக்கணம் பெரிது. இவ்வளவு குறைந்த சான்றை வைத்து இவ்வளவு அறிவது எப்படி என்ற புதிருக்கு அவர் பின்னாளில் சூட்டிய பெயரே 'பிளேட்டோவின் சிக்கல்'.

மறுபக்கம். தொட்டுப் பழகிய கோளத்தையும் கனசதுரத்தையும், பார்வை கிடைத்த பிறவிக் குருடர் தொடாமல் பார்த்தே வேறுபடுத்துவாரா என்று ஐரிஷ் அறிஞர் மோலினூ லாக்குக்கு எழுதினார். மாட்டார் என்பதே இருவரின் பதிலும். 2011இல் ரிச்சர்ட் ஹெல்ட், பவன் சின்ஹா குழுவினர் அறுவைச் சிகிச்சையால் பார்வை பெற்ற ஐந்து இளையோரிடம் இதைச் சோதித்தார்கள். தொட்டதைத் தொட்டதோடும் பார்த்ததைப் பார்த்ததோடும் நன்றாகப் பொருத்தினார்கள். தொட்டதைப் பார்த்ததோடு பொருத்தும்போது ஏறக்குறையக் குருட்டு ஊகம்தான். ஆனால் சில நாட்களிலேயே தேறினார்கள். முதல் பாதி லாக்குக்குச் சாதகம். அந்த வேகமான தேர்ச்சி லைப்னிட்ஸின் ரேகைகளை நினைவூட்டுகிறது.

கல்விக்கு மிகவும் பயன்படுவது உளவியலாளர் டேவிட் கியரியின் பிரிவினை. பேச்சு, முகம் அறிதல் போன்றவை பரிணாமத்தில் ஊறியவை. சூழலில் விட்டால் வந்துவிடும். எழுத்து, பின்னம், இயற்கணிதம் மனிதன் அண்மையில் ஆக்கியவை. எழுத்துக்கு ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டு வயதுதான். 'கல்' என்று சரளமாகச் சொல்லும் குழந்தைக்கு அதில் க், அ, ல் என்று மூன்று ஒலி இருப்பது தெரியாது. பேச்சு தானாக வந்ததே, வாசிப்பும் தானாக வரும் என்று புத்தகங்களுக்கு நடுவில் விட்டுவிட்டால் பல குழந்தைகள் படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கப் பழகிவிடுகிறார்கள். புதுச் சொல் வந்ததும் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளி என்ற அமைப்பு தேவைப்படுவதே பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக்குத்தான்.

#9 கேள்விக்குறி

அப்படியென்றால் கேள்வி கேட்டே கற்பிக்கும் முறையை மூட்டை கட்டிவிடலாமா?

#10 மூலைவிட்டம்

வேண்டாம். எங்கே எப்படி என்பதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

'மெனோ'வின் கேள்விகளை அப்படியே இன்றைய மனிதர்களிடம் கேட்ட ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. சிறுவன் சொன்ன அதே தவறுகளை அதே வரிசையில் வியக்கத்தக்க அளவு சொன்னார்கள். ஆனால் மூலைவிட்டம் வரை வந்து முடித்தபின் வேறு அளவுள்ள சதுரத்தைக் கொடுத்து இருமடங்காக்கச் சொன்னபோது ஏறக்குறையப் பாதிப்பேருக்கு முடியவில்லை. பிளேட்டோவுக்கு இது அதிர்ச்சியாக இருந்திருக்காது. சிறுவனிடம் இப்போது இருப்பது கனவு போன்ற கருத்துகள், இதையே பலமுறை பலவிதமாகக் கேட்டால்தான் அறிவாகும் என்று அங்கேயே எழுதியிருக்கிறார்.

ஆகவே செய்ய விரும்புவோர் இப்படிச் செய்யலாம். முதலில், தேவையான முன்னறிவு இருக்கிறதா என்று சோதியுங்கள். பரப்பு என்றால் கட்டங்களை எண்ணுவது என்று தெரியாத மாணவரிடம் இந்த உரையாடல் முதல் வரியிலேயே செத்துவிடும். பிறகு விடையைச் சொல்ல வைக்காமல் எழுத வைத்து உறுதிப்படுத்துங்கள். வாயால் சொன்னதை உங்கள் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். தவறு என்று நீங்கள் சொல்லாதீர்கள், 4 அடிச் சதுரத்தை அவர்களே வரைந்து கட்டங்களை எண்ணட்டும். 'தெரியவில்லை' என்ற நிலை வந்ததும் ஒரு கருவியைத் தயங்காமல் கொடுங்கள். காகிதச் சதுரம் நான்கை ஒட்டி வைத்து, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை மடிக்கச் சொல்லலாம். மடிப்புகளுக்கு நடுவில் சாய்ந்த சதுரம் தெரியும். அதில் நான்கு பாதிகள், பாதிக்கு 2, மொத்தம் 8.

அதோடு நிறுத்துவதுதான் வழக்கமான கோளாறு. உடனே 3 அடிச் சதுரம், பிறகு 5. அடுத்து தலைகீழாக: பரப்பைப் பாதியாக்கு. சில நாள் கழித்துப் படமே இல்லாமல் ஒருமுறை. பாதியாக்கும் கேள்வியில்தான் வேடம் கலைகிறது. 'மூலைவிட்டம்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் அங்கும் மூலைவிட்டத்தையே பக்கமாக எடுத்து இருமடங்காக்கிவிடுகிறார்கள். புரிந்தவர்கள் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கிறார்கள்.

ஆம்-இல்லை கேள்விகள் அடுக்கடுக்காக வரத் தொடங்கினால் உரையாடல் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, வெளிப்படையாக விளக்கிவிடுவதே நேர்மை. மறைமுகமாக ஊட்டிவிட்டு 'நீயே கண்டுபிடித்தாய்' என்று சொல்வது மாணவருக்குத் தன் அறிவைப் பற்றியே பொய்க்கணக்குக் கொடுப்பது. இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

#11 எழுத்தாணி

நோக்கத்துக்குத் திரும்பினால், கேள்விக்குறி #5-இல் கேட்டதைக் கூர்மையாகக் கேட்டவர் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி. 1916இல் வந்த 'மக்களாட்சியும் கல்வியும்' நூலில், உள்ளே மறைந்திருப்பது விரிவதே கல்வி என்ற கொள்கையை அவர் மறுக்கிறார். விரிவதற்கு ஒரு முடிந்த வடிவம் முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது, குழந்தை அதை நோக்கிப் போகிறது என்பது அதன் அடிப்படை. அந்த வடிவம் எதுவென்று சொல்வது யார்? ஆசிரியர்தான். அவர் மனத்தில் உள்ளதைக் குழந்தையின் 'உண்மை இயல்பு' என்று பெயரிட்டு வெளியே இழுக்கிறார். டூயியின் சொந்த விடை: வளர்ச்சிக்கு மேலும் வளர்ச்சியைத் தவிர வேறு இலக்கு இல்லை.

முதல் பாதி எனக்கு ஏற்புடையது. இரண்டாம் பாதி நிற்கவில்லை. பொய் சொல்வதிலும் ஒருவர் மேன்மேலும் வளரலாம். வேறு வளர்ச்சிகளை அது அடைத்துவிடும் என்று டூயி வேறோர் இடத்தில் பதில் சொல்லிப் பார்க்கிறார். ஆனால் எந்த வளர்ச்சிகள் முக்கியம் என்று தேர்ந்தெடுக்க அங்கும் ஓர் அளவுகோல் வேண்டியிருக்கிறது.

#12 சாளரம்

என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். பிறவியில் என்ன இருக்கிறது என்பது எங்கே தொடங்குவது, எதற்கு எவ்வளவு உதவி தேவை என்பதைச் சொல்கிறது. எங்கே போவது என்பதற்குத் தனி வாதம் வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. மெனோ முதலில் கேட்டது வடிவியலை அல்ல. நற்பண்பைக் கற்பிக்க முடியுமா என்றுதான் கேட்டார். சதுரத்தில் வென்ற சாக்ரடீஸ் அங்கே திரும்பியதும் தடுமாறுகிறார். கற்பிக்க முடியுமென்றால் அதற்கு ஆசிரியர்கள் எங்கே என்று தேடி, யாரும் கிடைக்காமல், அது தெய்வ அருளால் வருகிறது போலும் என்று உரையாடல் முடிகிறது. மோதலை உணரும் திறன் கணிதத்துக்குப் போதுமாக இருக்கிறது. நேர்மைக்கு ஏன் போதவில்லை?

#13 மணற்கேணி

அரிஸ்டாட்டிலின் விடை இருக்கிறது. நற்பண்பு இயற்கையாலும் வருவதில்லை, இயற்கைக்கு மாறாகவும் வருவதில்லை. ஏற்கும் தகுதி இயற்கை தருவது, நிறைவு பழக்கத்தால் வருவது. யாழ் வாசித்தே யாழ் வாசிப்பவர் ஆவதுபோல நியாயமானதைச் செய்தே நியாயமானவர் ஆகிறோம் என்கிறார். அதே பத்தியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மோசமாக வாசித்துப் பழகினாலும் யாழ் வாசிப்பவர்தான் ஆவோம், மோசமானவராக. கட்டடக்காரருக்கும் அப்படியே. அது உண்மையில்லை என்றால் ஆசிரியரே தேவைப்பட்டிருக்க மாட்டார் என்கிறார்.

சதுரத்தில் 4 என்ற தவறு கட்டங்களை எண்ணியவுடன் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பழக்கத்தில் ஊறிய தவறு அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை, இலகுவாகிக்கொண்டே போகிறது. சாளரத்தின் கேள்விக்கு என் பதில் இந்த வேறுபாட்டில்தான் தொடங்கும். மூலைவிட்டம் இதை ஏற்பாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

#14 மூலைவிட்டம்

பாதி ஏற்கிறேன். கணிதத்திலும் பழக்கத்தில் ஊறும் தவறுகள் உண்டு. பின்னங்களைக் கூட்டும்போது தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுவது அப்படிப்பட்டது. அரையும் அரையும் சேர்த்து நாலில் இரண்டு என்று எழுதிவிட்டு, அது மறுபடி அரைதான் என்பதைக் கவனிக்காமல் அடுத்த கணக்குக்குப் போகிறார்கள். மோதல் கண்ணெதிரே இருக்கிறது, திறனும் இருக்கிறது, நின்று பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லை. அந்தப் பழக்கம் கணிதத்தைச் சேர்ந்ததா நேர்மையைச் சேர்ந்ததா என்று கேட்டால் என்னால் பிரிக்க முடியவில்லை.